சுருக்கமும் அன்று, அரூபமும் அன்று

தண்டையார்பேட்டையில் நடக்கும் ஓர் ஓவியக் காட்சிக்கான அழைப்பிதழில், ஓவியரைச் ‘சுருக்க நிலக்காட்சி ஓவியர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். இச்சொல் என் கண்ணில் படுவது இது முதல் முறையன்று. ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்துக்கும், கண்டதை அப்படியே வரையாமல் வடிவமும் வண்ணமுமாக மாற்றித் தீட்டும் இவ்வகை ஓவியத்துக்கும் ஆங்கிலத்தில் அப்ஸ்ட்ராக்ட் என்ற ஒரே சொல் வழங்குவதால், அகராதியில் கிடைத்த ஒரு பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதன் இலத்தீன் வேர் ‘அப்பால் இழுத்தல்’ என்று பொருள்படும். ஒன்றிலிருந்து பிரித்தெடுப்பதே கருத்து, குறைத்துச் சொல்வது அன்று.

சிற்றிதழ்களில் நிலைத்துவிட்ட ‘அரூப ஓவியம்’ என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வடசொல் என்பதற்காக மறுக்கவில்லை. ‘அருவ ஓவியம்’ என்று தமிழாக்கினாலும் பிழை அதே பிழைதான். அரூபம் என்றால் உருவமே இல்லாதது. ஓவியர் ராம்குமார் 1960-இல் காசிக்குப் போய்வந்தபின் தீட்டிய ஓவியங்களில் படித்துறையும் வீடுகளும் ஆறும் பட்டைகளாகவும் திட்டுகளாகவும் கரைந்திருக்கின்றன. ஆனாலும் காசி அவற்றை விட்டு நீங்கவில்லை. கண்ட நிலத்தையும் அங்கே மனத்தில் தைத்ததையும் சேர்த்துப் பிழிந்தெடுத்த வடிவத்தை உருவமற்றது என்றால், ஓவியர் அந்நிலத்தைப் பார்த்ததையே மறுத்ததாகும். அப்ஸ்ட்ராக்ட் என்ற பெயரை ஏற்காமல், தம் ஓவியங்கள் எந்தப் புறப்பொருளையும் சாராதவை என்று சொன்ன ஓவியர் வி.எஸ். கெய்தோண்டேவுக்கு வேண்டுமானால் அரூபம் பொருந்தலாம்; நிலத்தில் காலூன்றியவருக்குப் பொருந்தாது.

அழைப்பிதழின் அடுத்த வரி, ‘இயற்கையாலும் உள் அனுபவத்தாலும் ஈர்க்கப்பட்டவர்’ என்கிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அவற்றோடு இயைந்த மனநிலையை உரிப்பொருளாகவும் வகுத்த தொல்காப்பியம் கையில் இருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத் தொடரை அப்படியே இறக்கி வைப்பது வருத்தம் தருகிறது.

வேண்டிய சொல்லும் நம்மிடம் இருக்கிறது. உருவம், அருவம் என்ற இரண்டுக்கும் இடையே சைவ சித்தாந்தம் அருவுருவம் என்று ஒன்றை வைத்து, இலிங்கத்தை அதற்குச் சான்றாகக் காட்டுகிறது. திருவொற்றியூரில் ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கும் புற்று இலிங்கமான ஆதிபுரீஸ்வரரைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமின்றிக் காணலாம். முகமில்லை, கையில்லை, ஆனால் அது புற்று என்பது பார்த்தவுடன் தெரியும். அப்படிப்பட்ட ஓவியம் ‘அருவுருவ நிலக்காட்சி’. அழைப்பிதழ் அனுப்பியவர்களுக்கு இதையே எழுதி, அடுத்த காட்சிக்காவது சொல்லை மாற்றும்படி கேட்டிருக்கிறேன்.