கைக்குத் தெரியாதது தராசுக்குத் தெரியும்

மெத்தைக் கடைக்குள் நுழைந்ததும் நம்மில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். உள்ளங்கையை வைத்து ஒரு அமுக்கு. கல்லு மாதிரி இருந்தால் முதுகுக்கு நல்லது, பஞ்சு மாதிரி உள்ளே போனால் சீக்கிரம் கெட்டுவிடும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு மெத்தை வாங்கியபோது நானும் அப்படித்தான் பார்த்தேன். கடையில் நல்ல கெட்டியாக இருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இடுப்பு படும் இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. காலையில் அதிலிருந்து எழுந்திருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் ஃபோம் என்றால் என்ன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மெத்தைகளில் அதிகம் இருப்பது பாலியூரித்தேன் ஃபோம். அதன் வேதியியலை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவும் கண்டுபிடித்தார்கள். செய்முறை ஆப்ப மாவை நினைவூட்டும். பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களோடு கொஞ்சம் தண்ணீரையும் கலக்கிறார்கள். ஐசோசயனேட் பாலியாலோடு சேர்ந்து பிளாஸ்டிக்காக மாறுகிறது. அதே நேரத்தில் தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. அந்த வாயுதான் கலவையைப் பொங்க வைக்கிறது. பொங்கி முடியும்போது குமிழிகளின் மெல்லிய சுவர்கள் உடைந்து, விளிம்புகள் மட்டும் கம்பிகளைப் போல நிற்கின்றன. ஆக, ஃபோம் என்பது கண்ணுக்குத் தெரியாத கம்பிகளால் கட்டிய ஒரு பெரிய சாரம். நாம் படுக்கும்போது கம்பிகள் வளைந்து காற்று வெளியேறுகிறது. எழுந்ததும் அவை நிமிர்கின்றன, காற்று திரும்ப உள்ளே வருகிறது.

கடைக்காரர் சொல்லும் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ எல்லாம் இந்தச் சாரத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதன் கணக்கு. 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ. காற்றே இல்லாத கெட்டிப் பாலியூரித்தேன் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,200 கிலோ இருக்கும். அப்படியென்றால் 40 டென்சிட்டி ஃபோமில் பொருள் என்பது மூன்று சதவீதம் சொச்சம்தான், மீதியெல்லாம் காற்று. நாம் காசு கொடுப்பது அந்த மூன்று சதவீதத்துக்கு. அதிலும் குறைத்துவிட்டால் கம்பிகள் மெலிந்துபோகும். இரவெல்லாம் புரண்டு படுக்கும் உடம்பின் கீழே ஆயிரக்கணக்கான முறை வளைந்து, ஒவ்வொன்றாக முறியத் தொடங்கும். இடுப்பு படும் இடத்தில் விழும் பள்ளம் இப்படித்தான் உண்டாகிறது.

கெட்டித்தன்மை முற்றிலும் வேறு விஷயம். ரசாயனக் கலவையை மாற்றினால் குறைந்த டென்சிட்டியிலும் கல்லு மாதிரி ஃபோம் செய்யலாம், அதிக டென்சிட்டியிலும் மெத்தென்று செய்யலாம். நம் உள்ளங்கை அளப்பது கெட்டித்தன்மையை மட்டும்தான். எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அதற்குத் தெரியாது. நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

உழைப்பைக் கணிக்க நல்ல கருவி தராசு. ஆறடிக்கு மூன்றடி, நான்கு அங்குல கனம் உள்ள ஒற்றை மெத்தையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 6 கன அடி, அதாவது 0.17 கன மீட்டர். உள்ளே இருப்பது முழுக்க 40 டென்சிட்டி ஃபோம் என்றால் உறை நீங்கலாக 6.8 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 5.4 கிலோ. 23 என்றால் நான்கு கிலோவைக்கூடத் தொடாது. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மிஷினிலேயே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

எடையைக் கூட்டுவதற்குச் சுண்ணாம்புத் தூளைக் கலக்கும் வழக்கமும் உண்டு. தூள் எடை தருமே தவிர கம்பிக்குப் பலம் தராது. அந்த ஃபோம் எளிதில் கிழியும், துள்ளலும் குறைவாக இருக்கும். துள்ளலை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! 16 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை அரை மீட்டர் உயரத்திலிருந்து ஃபோம் மீது போட்டு, எவ்வளவு உயரம் திரும்ப எழும்புகிறது என்று பார்க்கிறார்கள். நம் கோலிக்குண்டும் கிட்டத்தட்ட அந்த அளவுதானே! இரண்டு சாம்பிள் துண்டுகளை அருகருகே வைத்து ஒரே உயரத்திலிருந்து கோலியைப் போட்டுப் பாருங்கள். எச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ், அதாவது துள்ளல் அதிகம்) என்று விற்கும் நல்ல ஃபோமில் போட்ட உயரத்தில் பாதிக்கு மேல் எழும்பும். அமுக்கினால் மெதுவாக மீளும் மெமரி ஃபோமில் கோலி அப்படியே அமுங்கி நிற்கும், அதன் இயல்பே அதுதான், குறை இல்லை.

இன்னொரு சோதனையில் ஃபோமைப் பாதி கனத்துக்கு நசுக்கி, 70 டிகிரி சூட்டில் 22 மணி நேரம் வைத்து, பிறகு எவ்வளவு மீள்கிறது என்று அளப்பார்கள். வீட்டில் அந்தச் சூடு வேண்டாம். சாம்பிள் துண்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே பாதியாக நசுக்கிக் கட்டி ஓர் இரவு வைத்து, அவிழ்த்து அரை மணி நேரம் கழித்து ஸ்கேலால் அளந்து பார்க்கலாம். பழைய கனத்துக்கு நன்றாகத் திரும்பும் துண்டைத்தான் நான் நம்புவேன். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது வெறும் சாயம். வெள்ளை ஃபோம் நாளாவட்டத்தில் மஞ்சளாவதும் வெளிச்சமும் காற்றும் பட்டு நடப்பதுதான்.

‘ஆர்த்தோ’ என்ற பெயரில் வரும் மெத்தைகள் பலவற்றில் ரீபாண்டட் ஃபோம் இருக்கும். வெட்டிய கழிவுத் துண்டுகளைப் பசை போட்டு அழுத்தி ஒட்டியது, பல நிறப் புள்ளிகளோடு தெரியும். அதன் டென்சிட்டி 80, 100 என்று சொல்வார்கள். அந்த எண்ணை 40 டென்சிட்டி சாதா ஃபோமோடு ஒப்பிடக் கூடாது. துண்டுகளை நெருக்கி அடைத்ததால் வந்த எடை அது, பலம் பசையைப் பொறுத்தது. அடியில் போடும் அடுக்காக அது நன்றாகவே உழைக்கும். ஆனால் மேலே நேரடியாகப் படுக்க ரொம்பக் கெட்டி. கெட்டிதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு ஒன்று 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது.

மெமரி ஃபோம் வாங்குகிறவர்கள் கடையின் ஏசியை மறந்துவிடக் கூடாது. 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கென்று உருவான இந்தப் பொருள், உடம்புச் சூட்டில் இளகுவதுபோல் அமைந்தது. குளிர்ந்த ஷோரூமில் விறைப்பாகத் தாங்குவது, வேலூர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் வேறு மெத்தை மாதிரி உள்வாங்கும். எனவே கால் மணி நேரமாவது படுத்து, உடம்புச் சூடு மெத்தைக்குள் இறங்கிய பிறகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

அம்மாவுக்கு இரண்டாவது மெத்தை வாங்கப் போனபோது, உறையின் ஜிப்பைத் திறந்து உள் அடுக்குகளைக் காட்டச் சொன்னேன். அடுக்கு வாரியாக டென்சிட்டியைப் பில்லில் எழுதித் தரக் கேட்டேன். முதல் இரண்டு கடைகளில் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது கடையில் எழுதித் தந்ததோடு, உறையைக் கழற்றித் தராசிலும் ஏற்றினார்கள். ஆறுக்கு மூன்று, நான்கு அங்குலம், 40 டென்சிட்டி என்று எழுதியிருந்தது. தராசு 6.7 கிலோ காட்டியது. அம்மா ஒருக்களித்துப் படுத்துப் பார்த்து, “இது போதும்டா, எடுத்துக்கலாம்” என்றார்.