‘ராயல்டி ஃப்ரீ’ என்று எழுதினால் போதாது

போன வாரம் தொண்ணூறு நிமிடப் படம் ஒன்று இறுதி மாஸ்டர் பிரதி தயாரிப்பதற்காக என்னிடம் வந்தது. வண்ணத் திருத்தமும் ஒலிக்கலவையும் முடிந்திருந்தன. படத்தை வாங்க இருந்தவர்கள் கடைசியாகக் கேட்டது ஒரே ஒரு தாள்தான்: க்யூ ஷீட். எந்த இசை, எந்த இடத்தில், எத்தனை வினாடி, யாருக்குச் சொந்தம் என்ற பட்டியல். அதன் பதினோராவது வரியில் இணையத்திலிருந்து எடுத்த ஒரு பியானோ இசை இருந்தது. உரிமம் என்ற கட்டத்தில் ‘ராயல்டி ஃப்ரீ’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தத் தளம், என்றைக்கு எடுத்தது, என்ன நிபந்தனை, ஒன்றும் இல்லை.

தேடிப் பிடித்தோம். இசையமைத்தவர் அதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு எல்லாரும் பயன்படுத்த விடும் பொது உரிமத்தில், வெளியிட்டிருக்கிறார். வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு. அவருக்கு எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. படத்தின் கடைசி நான்கு நிமிடங்களும் அந்தப் பியானோவின் தாளத்துக்கு வெட்டப்பட்டவை. வேறு இசை வைத்ததும் ஒவ்வொரு வெட்டும் தடுமாறியது. மீண்டும் தொகுப்பு, மீண்டும் ஒலிக்கலவை, மீண்டும் ரெண்டர். மூன்று இரவுகள் தூங்காமல் உட்கார்ந்திருந்த அந்த இளம் படத்தொகுப்பாளர் நல்ல திறமைசாலி. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். இந்த ஆண்டு இதே காரணத்துக்காக என் மேசையில் நின்றுபோன ஐந்தாவது படம் இது.

எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் பதியாத ஒன்றை மறுபடியும் சொல்கிறேன். ராயல்டி ஃப்ரீ என்றால் இலவசம் என்று பொருளல்ல. ராயல்டி என்பது ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் திரும்பத் திரும்பக் கொடுக்கும் தொகை. அது வேண்டாம், ஒருமுறை உரிமம் பெற்றால் போதும் என்பதுதான் அந்தச் சொல் சொல்வது. அந்த உரிமம் ஓர் ஒப்பந்தம். இணையக் காணொளிக்கு மட்டும், திரையரங்குக்கு இல்லை என்று அதில் இருக்கலாம். விளம்பரத்துக்குத் தனி உரிமம் வேண்டும் என்று இருக்கலாம். சந்தா நடப்பில் இருக்கும்போது வெளியிட்ட படங்களுக்கு மட்டுமே செல்லும் என்றும் இருக்கலாம். அதைப் படிக்காமல் இசையை டைம்லைனில், அதாவது தொகுப்பு மென்பொருளில் காட்சிகளையும் ஒலிகளையும் அடுக்கும் பட்டையில், இழுத்துப் போடுவது, படிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதுதான்.

‘காப்புரிமை இல்லை’ என்று தலைப்பிட்டு யாரோ ஏற்றிய காணொளியை நம்பாதீர்கள். ஏற்றியவருக்கே அந்த இசை சொந்தமா என்பது உங்களுக்குத் தெரியாது. ‘நன்றி என்று பெயர் போட்டுவிட்டேனே’ என்கிறார்கள். பெயர் போடுவது மரியாதை. உரிமம் பெயரை மட்டும் கேட்டிருந்தால் அது போதும், வேறு எதையாவது கேட்டிருந்தால் போதாது. ‘பீத்தோவன் 1827இல் இறந்துவிட்டார், அவர் இசை எல்லாருக்கும் பொது’ என்கிறார்கள். அவர் எழுதிய இசை பொதுவுடைமைதான். அதைப் போன ஆண்டு வாசித்துப் பதிவுசெய்த இசைக்குழுவின் ஒலிப்பதிவு பொதுவுடைமை அல்ல. இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. க்யூ ஷீட்டில் இரண்டுக்கும் பதில் வேண்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் எழுத்துகளைத் தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. பி.ஒய். என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். என்.சி. என்றால் வணிகத்துக்கு ஆகாது. எஸ்.ஏ. என்றால் அதைக் கொண்டு நீங்கள் உருவாக்கியதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். என்.டி. என்றால் மாற்றியமைத்ததை வெளியிடக் கூடாது. இங்கேதான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ‘நான் இசையில் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை, அப்படியே வைத்தேன், பிறகு எப்படி மாற்றம் ஆகும்?’ என்று அந்தத் தம்பியும் கேட்டார். இந்த உரிமங்களின் 4.0 பதிப்பு நேரடியாகவே சொல்கிறது: ஓர் இசையை நகரும் படத்தோடு நேரம் பொருத்தி இணைத்தாலே அது மாற்றியமைத்த ஆக்கம். ஆகவே, என்.டி. போட்ட இசையைப் படத்துக்குப் பின்னணியாக வைக்கவே முடியாது. எஸ்.ஏ. போட்ட இசையை வைத்தால் உங்கள் படத்தையே அந்த உரிமத்தில் விட வேண்டிவரும். எந்தத் தயாரிப்பாளர் அதற்குச் சம்மதிப்பார்?

ஒலி விளைவுகளிலும் இதே கதைதான். பிபிசி தன் ஒலிக் காப்பகத்திலிருந்து 16,000க்கும் மேற்பட்ட ஒலிகளை 2018இல் இணையத்தில் திறந்துவிட்டது. அருமையான சேகரிப்பு, நான் மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த இலவச உரிமம் சொந்தப் பயன்பாடு, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்கு மட்டுமே. டிக்கெட் விற்கும் படத்துக்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டும். ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் அதை ஏற்றியவர் தேர்ந்த உரிமம் தனித்தனியாக இருக்கும். ஒரு மழை ஒலிக்கு எந்த நிபந்தனையும் இருக்காது. அடுத்த மழை ஒலி வணிகத்துக்கு ஆகாது. ‘ஃப்ரீசவுண்டிலிருந்து எடுத்தேன்’ என்பது பதிலே இல்லை.

பதிவிறக்கும் அன்றே உரிமப் பக்கத்தைப் படமெடுத்து, இணைப்போடும் தேதியோடும் அந்தக் கோப்பு இருக்கும் அடைவிலேயே வையுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தவர் உங்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் பக்கத்தை அழித்துவிட முடியும். பிறகு நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். டெம்ப் இசையின், அதாவது உண்மையான இசை வரும்வரை தொகுப்பில் வைக்கும் இசையின், கோப்புப் பெயரில் ‘டெம்ப்’ என்று எழுதுங்கள். மாதக்கணக்கில் கேட்டுக் காது பழகிய பிறகு அது தற்காலிகம் என்பதே எல்லாருக்கும் மறந்துபோகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டு உடைத்த பிளக்இன்களை, அதாவது தொகுப்பு மென்பொருளோடு சேரும் துணை மென்பொருள்களைத் தொடவே தொடாதீர்கள். நிறுவும் முன் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும் எதுவும் உங்கள் படம் இருக்கும் கணினிக்குள் வரக் கூடாது. அது உங்களுடைய கணினி மட்டுமல்ல, வெளிவராத படம் ஒன்றும் அதில் இருக்கிறது. ‘சினிமா தோற்றம்’ என்று கட்டுக்கட்டாகக் கிடைக்கும், காட்சியின் நிறத்தை மாற்றும் லட் கோப்புகள் எந்த கேமராவின் எந்த லாக் வளைவுக்காக, அதாவது ஒளியைப் பதிவுசெய்யும் எந்த முறைக்காக, செய்யப்பட்டவை என்று தெரியாவிட்டால் போடாதீர்கள். சோனியின் எஸ்-லாக்3க்கு ஆனதை கேனனின் காட்சிமேல் போட்டுவிட்டு, தோல் நிறம் ஏன் கெட்டது என்று கேட்காதீர்கள். கேமரா நிறுவனங்களே தங்கள் லட்களைத் தங்கள் தளங்களில் இலவசமாகத் தருகின்றன. வினாடிக்கு எத்தனை படச்சட்டம் என்ற ஃபிரேம் விகிதத்தில் 23.976உம் 24உம் ஒன்றுதான் என்று சொல்லும் பயிற்சிக் காணொளியை அந்த இடத்திலேயே மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி விலகும். உதடும் குரலும் பிரியும்.

இணையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே பாதித் தொழிலை அங்கேதான் கற்றேன். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு, வண்ணத் திருத்த மென்பொருளின் கையேடும் பயிற்சிப் புத்தகங்களும், பாடங்களுக்கான காட்சிக் கோப்புகளோடு, அதை உருவாக்கிய பிளாக்மேஜிக் நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. தொலைக்காட்சி ஒலி அளவுக்கான ஐரோப்பிய ஒளிபரப்புச் சங்கத்தின் ஆர்128 ஆவணத்தை யாரும் பதிவிறக்கலாம். –23 என்ற சராசரி ஒலி அளவு (எல்.யு.எஃப்.எஸ். அலகில்) எங்கிருந்து வந்தது என்று அதைப் படித்தால் புரியும். நெட்ஃப்ளிக்ஸ் வசனத்தை மையமாக வைத்து அளந்து –27 கேட்கிறது. அதையும் தன் தளத்தில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. வந்த கோப்பின் உள்விவரம் பார்க்க மீடியாஇன்ஃபோ, டிஜிட்டல் திரைப்பிரதி செய்து பார்க்க டிசிபி-ஓ-மேட்டிக், இரண்டும் இலவசம். இரண்டையும் நான் அன்றாடம் பயன்படுத்துகிறேன். யாரோ சொன்னதை இன்னொருவர் சொல்லும் காணொளியை விட்டு, செய்தவர்களே எழுதிய ஆவணத்துக்குப் போங்கள்.

தயாரிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். இசைக்கு ஒதுக்கியதையெல்லாம் வேறெங்கோ செலவழித்துவிட்டு, ‘இணையத்தில் எதையாவது பார்த்துப் போடு’ என்று இருபத்து மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லித்தான் அந்தப் பியானோவும் வந்தது.

இப்போது ஒரு படம் உங்கள் டைம்லைனில் இருந்தால், க்யூ ஷீட்டை இன்றே தொடங்குங்கள். உரிமக் கட்டத்தில் எதுவும் எழுத முடியாத வரிகளைத் தனியே குறித்து, தொகுப்பு இறுதியாகிப் படம் பூட்டப்படும் முன்பே இயக்குநரிடம் காட்டுங்கள். அப்போது மாற்ற வேண்டியது ஒரு தடம்தான்.