'எப்படியாவது காப்பாற்றுங்கள் டாக்டர்'

ஐ.சி.யூ. வாசலில் தினமும் கேட்கும் வார்த்தை இது. பெற்றவரையோ துணையையோ விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அந்த 'எப்படியாவது'க்குள் என்னென்ன அடக்கம் என்பது சொல்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

நின்ற இதயத்தை ஓடவைக்க நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர்.-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100–120 முறை அழுத்த வேண்டும். சரியாகச் செய்தாலே விலா எலும்பு முறிவது சகஜம். நன்றாக இருந்தவரின் இதயம் திடீரென நின்றால் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. முற்றிய புற்றுநோயில் கதை வேறு. சிறுநீரகம், ஈரல், நுரையீரல் எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியாக இதயம் நிற்கிறது. அதை மறுபடி ஓடவைத்தாலும், நிற்கவைத்த காரணம் அப்படியேதான் இருக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில், குழாய்களுக்கு நடுவே, மீண்டும் நின்றுவிடுகிறது.

செயற்கையாக மூச்சு கொடுக்கும் மெஷினான வென்டிலேட்டரின் குழாய் குரல்நாண்களுக்கு இடையே போகிறது. அது இருக்கும்வரை பேச முடியாது; பலருக்கு மயக்க மருந்தும் தேவைப்படும். போடும் முன்பே கேளுங்கள்: "எது சரியாகும் வரை இந்த மெஷின்?" நிமோனியா குணமாகும் வரை என்பது நல்ல பதில். தெளிவான பதில் இல்லையென்றால், "மூன்று நாள் பார்ப்போம், முன்னேற்றம் இல்லாவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்" என்று முதலிலேயே கெடு வைத்துக்கொள்ளலாம். டாக்டர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

குடும்பத்தை அதிகம் வதைப்பது சாப்பாடுதான். சாப்பிடாததால் உடல் ஓய்கிறது என்று நினைக்கிறோம். கடைசி நாட்களில் உடல் ஓய்வதால்தான் பசி அடங்குகிறது. அரைமயக்கத்தில் ஸ்பூனால் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். டிரிப்ஸ் ஏற்றினால் அந்த நீரை உடல் கையாள முடியாமல் கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும். வாய் வறட்சியோ அப்படியே இருக்கும். அதற்கு மருந்து உங்கள் கையில்தான்: சுத்தமான மெல்லிய துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு என மெதுவாகத் துடையுங்கள். மணிக்கொரு முறை செய்தாலும் தகும். ஆக்சிஜன் ஓடும்போது உதட்டில் வாசலின் வேண்டாம், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தண்ணீர் சேர்ந்த ஜெல் போதும்.

தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைமாட்டைச் சற்று உயர்த்துங்கள். சளி உறிஞ்சும் சக்‌ஷன் குழாயை ஆழமாக விடுவது வேதனையைத்தான் கூட்டும். மூச்சு சில நொடிகள் நின்று மறுபடி வரும். அது கடைசிக் கட்டத்தின் இயல்பு.

கடும் வலிக்கான மருந்தான மார்ஃபினைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயத்தில் வலியோடு விடப்படுகிறவர்கள் ஏராளம். குறைந்த அளவில் தொடங்கி, தேவை பார்த்துக் கூட்டினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல்தான் பெரும்பாலும் வரும், ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கேளுங்கள்.

இவற்றையெல்லாம் நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரிடமே கேட்டு, எழுதி வைக்க வேண்டும். எழுதியதை டாக்டரிடம் காட்டி ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நகல் கட்டிலருகே இருக்கட்டும். நள்ளிரவில் வரும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கு நோயாளியின் விருப்பம் தெரியாது. காகிதம் பீரோவுக்குள் இருந்தால், அந்த ஊழியர் நெஞ்சை அழுத்தத்தான் செய்வார்.