மனச்சாட்சி மறுப்பு: சொல் விளக்கம்

ஒரு வேலையைச் செய்யக் கடமைப்பட்ட ஒருவர், ‘இது என் சமயத்துக்கோ என் அறநம்பிக்கைக்கோ ஒவ்வாது’ என்று சொல்லி அதைச் செய்யாமல் விலகுவதை ஆங்கிலத்தில் ‘கொன்ஷியென்ஷஸ் ஒப்ஜெக்ஷன்’ என்பார்கள். தமிழில் மனச்சாட்சி மறுப்பு என்று எழுதினால் பொருள் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் அந்த ‘ஏறக்குறைய’வுக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. காது கேளாதோர் அதை மற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு வேலை செய்யும் வைத்தியர், உளவள ஆலோசகர், சைகை மொழி உரைபெயர்ப்பாளர் எல்லோரும் பெரும்பாலும் காது கேட்கும் ஆட்கள் என்பதுதான் காரணம்.

திருகோணமலையில் இதற்கு யாரும் பெரிய சொல் தேடுவதில்லை. சைவக்காரர் ‘எங்கட சமயத்துக்கு ஒத்துவராது’ என்பார். முஸ்லிம் ‘மார்க்கத்தில இடமில்லை’ என்பார். கிறிஸ்தவர், அதாவது எங்கள் பேச்சில் வேதக்காரர், ‘வேதத்துக்கு விரோதம்’ என்பார். கோணேசர் கோயிலும் பள்ளிவாசல்களும் மாதா கோயிலும் விகாரையும் ஒரே ஊருக்குள் இருக்கும்போது இது அன்றாடப் பேச்சு. அன்னதானத்துக்கு வராதவரை யாரும் கோபிப்பதுமில்லை. சரி, அது விருந்து. சம்பளத்துக்கோ சத்தியத்துக்கோ கட்டுப்பட்ட கடமை வேறு கதை.

சொல்லின் வரலாறு ஒரு தடுப்பூசியில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் அம்மைப்பால் குத்துவது கட்டாயமாக இருந்தது. 1898இல் வந்த சட்டம், தடுப்பூசி பிள்ளைக்குத் தீங்கு என்று மனமார நம்பும் பெற்றோர் நீதவானிடம் சொல்லி விலக்குப் பெறலாம் என்றது. ‘கொன்ஷியென்ஷஸ் ஒப்ஜெக்டர்’ என்ற பேர் பரவலானது அப்போதுதான். பிறகு 1916இல், முதலாம் உலகப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தபோது, துப்பாக்கி ஏந்த மறுத்தவர்களுக்கு அதே பேர் போனது. அந்த இரண்டு இடத்திலும் மறுத்தவர் எளியவர், எதிரே நின்றது அரசு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வைத்தியத் துறைக்குள் சொல் நுழைந்ததும் நிலைமை தலைகீழானது. பிரித்தானியாவின் 1967ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டம், மனச்சாட்சிப்படி மறுப்பவர் அதில் பங்குபற்றத் தேவையில்லை என்றது. தாயின் உயிரைக் காக்கவோ அவர் உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான கடும் தீங்கு வராமல் தடுக்கவோ வேண்டிய நேரத்தில் மட்டும் மறுக்க முடியாது. அமெரிக்காவில் 1973இல், இதேபோல் மறுப்பவர்களைக் காக்கும் ‘சேர்ச் திருத்தம்’ வந்தது. பேரைப் பார்த்துத் தேவாலயத்தின் வேலை என்று நினைக்க வேண்டாம், கொண்டுவந்த செனட்டரின் பேர் பிராங்க் சேர்ச். 2016இல் டென்னசி மாநிலம், தங்கள் கொள்கைக்கு மாறான நோக்கத்தோடு வருபவரை உளவள ஆலோசகர்கள் வேறொருவரிடம் அனுப்பிவிடலாம் என்று சட்டமாக்கியது. அதே ஆண்டு மிசிசிப்பி, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்பது போன்ற சில சமய நம்பிக்கைகளைப் பேர் சொல்லியே குறிப்பிட்டு, அவற்றின்படி சேவையை மறுப்பவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. இங்கே மறுப்பவர் கதவின் உள்பக்கம் நிற்கிறார். வெளியே நிற்பது நோயாளி.

இனி வேர். ‘கொன்ஷன்ஸ்’ லத்தீன் சொல்: ‘கொன்’ என்றால் கூட, ‘ஸ்கியென்ஷியா’ என்றால் அறிவு. தன்னோடு தானே சேர்ந்து அறிவது. நம் மனச்சாட்சியில் மனமும் சாட்சியும் வடமொழியிலிருந்து வந்தவை. சாட்சி என்பது ‘சாக்ஷின்’, அதன் உள்ளே இருப்பது ‘அக்ஷ’, கண். கண்ணால் கண்டவரே சாட்சி. பழந்தமிழில் சாட்சிக்குக் கரி என்று பேர். ‘இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் வருவது அடுப்புக்கரி அல்ல. கலித்தொகை இன்னும் நெருங்கிப் போகிறது: யாரும் பார்க்கவில்லை என்று செய்த கொடுமையை மறைத்தாலும், நெஞ்சைவிடக் கிட்டிய கரி வேறில்லை என்கிறது. மனச்சாட்சி என்ற கருத்துக்கு இதைவிடப் பழைய தமிழ் வேண்டியதில்லை. தனித்தமிழில் எழுதுவோர் உளச்சான்று, மனச்சான்று என்பார்கள். நல்ல சொற்கள்தான். ஆனாலும் மனச்சாட்சி எல்லாச் சமயத்தாரின் வாயிலும் பழகிவிட்டது, அதை மாற்றுவானேன்?

சிக்கல் இரண்டாம் பாதியில், ‘மறுப்பு’ என்பதில் இருக்கிறது.

மூதூரிலிருந்து காது கேளாத ஒரு பெண் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்கத் திருகோணமலையில் ஒரு கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உரைபெயர்ப்பாளர் தன் சமயத்துக்கு அது ஆகாது என்று வர மறுக்கிறார். ஒருபாலினத் தம்பதிக்குத் திருமணக் கேக் செய்யமாட்டேன் என்று கடைக்காரர் சமயத்தைச் சொல்லி மறுத்து, 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கில், ஒரு கடை மறுத்தால் அடுத்த கடை இருந்தது. இங்கே அடுத்த உரைபெயர்ப்பாளர் அடுத்த தெருவில் இருக்கமாட்டார். அந்தப் பெண்ணுக்கு மறுக்கப்பட்டது ஓர் ஆளின் உதவி மட்டுமல்ல, வைத்தியரோடு பேசும் வழியே அடைபட்டுவிட்டது. ஏன் மறுத்தார் என்று கேட்கவும் அவருக்கு ஓர் உரைபெயர்ப்பாளர் தேவை! அப்புறம் இன்னொன்று: ‘அந்தக் கிளினிக்குக்கு நான் வரமாட்டேன்’ என்று உரைபெயர்ப்பாளர் வெளியே சொன்னாலே போதும், அந்தப் பெண் எதற்கு வந்தார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். கடைசியில் அக்காவையோ பிள்ளையையோ கூட்டிவந்து, சொல்ல முடியாததை அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்.

உரைபெயர்ப்பவர் அந்தக் காரியத்தில் பங்குபற்றுகிறாரா என்பதே முதல் கேள்வி. 2014இல் கிளாஸ்கோ நகரத்து இரண்டு கத்தோலிக்க மருத்துவமாதர் வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், பங்குபற்றுவது என்றால் அந்தச் சிகிச்சையில் நேரடியாகக் கைவைப்பது, மேற்பார்வை செய்வதும் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுப்பதும் அதில் அடங்கா என்று தீர்த்தது. அது உரைபெயர்ப்பாளர் பற்றிய வழக்கல்ல. ஆனால் அந்த அளவுகோலை இங்கே வைத்தால், கைகளால் பேச்சை மட்டும் கடத்துபவர் பங்காளி ஆகமாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

காது கேளாதோரின் கவலையைச் சமய வெறுப்பு என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசில் காது கேளாதோருக்குச் சைகையால் பள்ளி நடத்திய டி லெப்பே ஒரு குருவானவர். இலங்கையில் காது கேளாதோர் படிக்கும் இரத்மலானைப் பள்ளியை 1912இல் தொடங்கியதும் மிஷனரிகள்தான். கைதடி நவீல்ட் பள்ளிக்குப் பின்னாலும் திருச்சபை உண்டு. ஆனால் 1880இல், காது கேளாதோர் கல்வி பற்றிய மிலான் மாநாட்டில் சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தபோது தலைமை தாங்கிய ஜூலியோ தார்ராவும் பாதிரியார்தான். வாக்களித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கும் ஆட்கள். நன்மை செய்ய வந்தவர் தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போன அந்த அனுபவம் அவர்கள் நினைவில் இருக்கிறது.

ஆகவே ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருக்கும் செயல்களைப் பிரிக்க வேண்டும் என்பேன். முன்கூட்டியே, காரணத்தைக் கடை பரப்பாமல், தனக்குப் பதில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு ஒதுங்குவது ‘மனச்சாட்சி விலகல்’. இதில் குற்றமில்லை. அமெரிக்க உரைபெயர்ப்பாளர் பதிவகத்தின் நடத்தை விதிகளும், தன்னால் சரியாகச் செய்ய முடியாத வேலையை ஏற்காமல் விடச் சொல்கின்றன. மனம் ஒப்பாமல் வந்து நிற்பவரால் யாருக்கும் பயன் இல்லை. மாற்று இல்லாமல், ஆள் வந்து நிற்கும்போது கைவிரிப்பது ‘சேவை மறுப்பு’. அதற்கு முன்னால் மனச்சாட்சி என்ற அடைமொழி தேவையில்லை. காரணம் கேட்டால் ‘சமயக் காரணத்தாலான சேவை மறுப்பு’ என்று எழுதலாம்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் மிகக் கொடியது. வருகிறார், நிற்கிறார், ஆனால் வைத்தியர் சொன்னதில் தனக்குப் பிடிக்காததை விட்டுவிடுகிறார். அல்லது நடுவில் தன் புத்திமதியைச் சேர்க்கிறார். அறையில் இருக்கும் இரண்டு பேருக்கும் அது தெரியாது. இதை மனச்சாட்சி என்று அழைக்கவே கூடாது. பழந்தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் இருக்கிறது: பொய்க்கரி. சிலப்பதிகாரத்தில், புகார் நகரத்துச் சந்தியில் நிற்கும் சதுக்கப் பூதம் அறைந்து உண்டவர்களின் பட்டியலில் பொய்க்கரியாளரும் உண்டு.

இலங்கை வழக்கில் இரண்டு குறிப்புகள். எழுத்தைப் பெயர்ப்பவர் மொழிபெயர்ப்பாளர், பேச்சையும் சைகையையும் பெயர்ப்பவர் உரைபெயர்ப்பாளர்; படிவங்களில் இரண்டையும் கலக்க வேண்டாம். எழுத்துக்கூட்டலில், தமிழ்நாட்டில் மனசாட்சி என்று அதிகம் எழுதுவார்கள், நமக்கு ‘ச்’ மிகுந்த மனச்சாட்சியே பழக்கம்.