பயோஃபீட்பேக்: ‘உயிரியல் பின்னூட்டம்’ அல்ல

இதயம் திடீரென நின்று, சிபிஆர் (மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி) கொடுத்து மீட்கப்பட்டவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய மூச்சுப் பயிற்சி ஒன்று உண்டு. பெயர் பயோஃபீட்பேக். தமிழ் மருத்துவக் குறிப்புகளில் அது ‘உயிரியல் பின்னூட்டப் பயிற்சி’ ஆகிவிடுகிறது. திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துவிட்டது.

வேர் எளிது. ‘பயோ’ கிரேக்கத்தில் உயிர். ‘ஃபீட்பேக்’ மின்பொறியாளர்களின் சொல்: வெளிவருவதில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்புவது. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் அதை உயிர்களுக்கும் எந்திரங்களுக்கும் பொதுவாக்கினார். 1960களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘பயோ’வையும் ‘ஃபீட்பேக்’கையும் ஒட்டினார்கள்.

‘பின்’னும் ‘ஊட்ட’மும் அப்படியே பெயர்த்தவை. மின்னணுவியல் பாடநூலில் இருக்கட்டும், அங்கே குறையில்லை. ஆனால் வலைப்பதிவுக் காலத்திலிருந்து பின்னூட்டம் என்றால் பிறர் எழுதும் கருத்து என்றே பதிந்துவிட்டது. ‘உயிரியல்’ என்றால் பள்ளிப் பாடம். நோயாளி இந்த இரண்டையும் சேர்த்துப் படித்து என்ன புரிந்துகொள்வார்? யாரோ தன்னைப் பற்றிக் கருத்துச் சொல்லப்போகிறார்கள் என்றுதானே?

நடப்பது வேறு. காது மடலிலோ விரல்நுனியிலோ சிறு சென்சார். நாடி திரையில் கோடாக ஓடும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு என்று நிதானித்தால் (ஆளுக்கு ஆள் சற்று மாறும்) கோடு அலையலையாக எழுந்து விழும். ஒரு துடிப்பு தவறினாலே ‘மறுபடி நின்றுவிடுமோ’ என்று நடுங்குகிறவர், தன் மூச்சுக்குத் தன் நாடி இசைவதைத் தானே பார்க்கிறார். பார்ப்பவரும் அவரே, பழகுபவரும் அவரே. பெயரில் அது தெரிய வேண்டும்.

நாடி பார்ப்பது நமக்குப் புதிதா என்ன? ‘நாடி பார்த்து மூச்சுப் பழகுதல்’ என்றால் பாட்டிக்கும் புரியும். தசை இறுக்கம், தோல் வெப்பம் ஆகியவற்றை வைத்துச் செய்யும் வகைகளுக்கும் பொதுப்பெயர் வேண்டுமென்றால் ‘உடற்குறிப் பழக்கம்’. நீளம் என்று முதலாவதைத் தள்ளுபவர்கள் ‘உயிரியல் பின்னூட்டப் பயிற்சி’யின் எழுத்துகளை எண்ணிப் பார்க்கட்டும்.

‘பிராணாயாமம்’ என்று மாற்றிப் போடுவோரும் உண்டு. அதன் பல முறைகளில் மூச்சை அடக்குவதும் அடக்கம். இதில் அடக்கல் கிடையாது. இதயம் நின்று மீண்டவரிடம் அந்த வேறுபாட்டை மறைப்பது பொறுப்பில்லாத வேலை. இவர்களின் அச்சத்தை ‘மாரடைப்புக்குப் பிந்தைய பயம்’ என்பதும் அதே வகை. மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபடுகிறது. இங்கே இதயமே நிற்கிறது. முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகலாம், இரண்டும் ஒன்றல்ல.

எல்லாவற்றையும்விட மோசமானது, துடிப்புகளின் இடைவெளியில் இயல்பாக உள்ள, இந்தப் பயிற்சி கூட்ட முயலும் ஏற்ற இறக்கத்துக்கு ‘இதயத் துடிப்பு ஒழுங்கின்மை’ என்று எழுதுவது. அது நோயின் பெயர். மீண்டு வந்தவர் எதற்கு அஞ்சுகிறாரோ அதையே பயிற்சித் தாளில் அச்சடித்துக் கொடுக்கிறோம், அதை வளர்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையோடு. ‘துடிப்பு நெகிழ்வு’ என்று எழுதுங்கள், ஐயா.