அடையாள அட்டை வந்துவிட்டது, உதவித்தொகை ஏன் வரவில்லை?

மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர். லாரி மோதி வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பாதிப்பு எத்தனை சதவீதம் என்று பார்க்கும் மெடிக்கல் போர்டுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தபாலில் வந்தது. அதன்பிறகு பதினோரு மாதம், பணம் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்கு நடந்தார். "கார்டு வந்தா பணம் தானா வரும்னு சொன்னாங்க தங்கச்சி" என்றார்.

தானாக வராது. அட்டை வேறு, பணத்துக்குப் போடும் மனு வேறு. இந்த ஒரு வரியை அவரிடம் யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பதினோரு மாதம் வீணாகியிருக்காது.

சட்டத்தைப் பற்றி இரண்டே வரி. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்குப் பாதிப்பு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஆபீஸ் வாசலில்தான் இருக்கிறது.

இரண்டு வாசல், இரண்டு பணம்

தாலுகா ஆபீஸில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் வழியாக வருவது மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். 18 வயது நிரம்பி, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்து, பிழைக்க வேறு வழியில்லாதவர்களுக்கானது. இ-சேவை மையத்தில் மனுப் போட வேண்டும்.

இன்னொன்று பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000. இது தாலுகா ஆபீஸில் கிடைக்காது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்கு 40 சதவீதம் போதும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற வகையில் வர 75 சதவீதம் வேண்டும். ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அதனால் 2,000க்குத் தகுதி இருந்தால் அந்த வாசலுக்கே முதலில் போங்கள். அங்கே "லிஸ்டில் வைத்திருக்கிறோம்" என்றால் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர், மனவளர்ச்சி குன்றிய இருபது வயது மகனைக் கூட்டிக்கொண்டு இந்த இரண்டு ஆபீஸுக்கும் நடுவே அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். இங்கே கேட்டால் அங்கே போ, அங்கே கேட்டால் இங்கே வா. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ்ஸில் அந்தப் பையன் மிரண்டு கத்துவதைச் சமாளித்த பாடு வேறு. எந்தப் பணம் எந்த ஆபீஸ் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இன்னொரு குழப்பம், "80 சதவீதம் இருந்தால்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது. 80 என்பது மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கான வரம்பு. மாநில ஓய்வூதியத்துக்கு 40 போதும். இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் மறுபடியும் போய் மனுக் கொடுங்கள்.

மெடிக்கல் போர்டில் ஏமாந்துவிடாதீர்கள்

எல்லாம் சதவீதத்தில்தான் நிற்கிறது. அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ உசிலம்பட்டி மருத்துவமனைக்கோ போகும் முன், உங்கள் குறைபாட்டுக்கான டாக்டர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய ஓபி சீட்டு எதையும் விடாமல் எடுத்துப் போங்கள்.

டாக்டர் முன்னால் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம். "எப்படி இருக்கு?" என்றால் "பரவாயில்லைங்க சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். படி ஏற முடியவில்லை, கக்கூஸில் உட்கார முடியவில்லை, பொத்தான் போட மனைவி வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

இரண்டு குறைபாடு இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். காலுக்கு 30 என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது என்று வந்துவிடுகிறார்கள். காதும் கேட்கவில்லை, அதற்கு 20 வருகிறது என்றால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது. 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். இங்கே 43 சதவீதத்துக்கு மேல் வந்துவிடுகிறது. வெறும் காலை மட்டும் காட்டியவருக்கு ஒன்றுமில்லை, காதையும் காட்டியவருக்கு மாதம் 1,500. கண், காது, மனநிலை எதில் பிரச்சினை இருந்தாலும் எல்லா டாக்டரிடமும் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே படியுங்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? நிரந்தரமா, தற்காலிகமா? தற்காலிகம் என்றால் முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள், அது தாண்டினால் வந்துகொண்டிருக்கும் பணமும் நிற்கும். சான்றிதழ் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆம் பிரிவு வழி தருகிறது.

அட்டைக்கு ஆன்லைனில் பதியும்போது உங்கள் சொந்த செல் நம்பரைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் சென்டர்காரர் அவசரத்தில் தன் நம்பரைப் போட்டுவிடுகிறார். அப்புறம் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும், ஆறு மாதம் கழித்து அவர் கடையை மாற்றியிருப்பார்.

"அடுத்த வாரம் வாங்க"

மனுப் போட்டதும் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்கு வருவார்கள். அந்த நேரம் வீடு பூட்டியிருந்தால் "முகவரியில் இல்லை" என்று ஃபைலில் ஏறிவிடும். அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள், விஏஓவை நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

வாயால் சொல்லும் மறுப்பை ஏற்காதீர்கள். "உனக்குத்தான் மகன் இருக்கானே", "சொந்த வீடு இருக்கே" என்பார்கள். எந்த விதியில் அப்படி இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் ஐயா என்று அமைதியாகக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பாதிப் பேர் ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள், இது நான் கண்ணால் கண்டது. புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவர் எடுத்துக் கொடுப்பதும் இதே இ-சேவை ரசீதைத்தான்.

ஒரு மாதத்துக்கு மேல் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சிறிதாகக் கேளுங்கள்: இந்த எண் மனு எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, ஏன் நிற்கிறது. திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது, அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பக்கம். ரசீது வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். நடக்க முடியாதவர்கள் முதல்வரின் உதவி மைய எண் 1100க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியலாம்.

மூட்டை தூக்கிய அண்ணனுக்கு உத்தரவு வந்தது. முதல் மாதம் பணம் ஏறவில்லை. வருடக்கணக்கில் பயன்படுத்தாத கணக்கு என்று பேங்க் முடக்கி வைத்திருந்தது. ஆதாரையும் பாஸ்புக்கையும் கொண்டுபோய்க் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) கொடுத்து, நூறு ரூபாய் போட்டு எடுத்த பிறகுதான் வந்தது. உங்கள் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் அதில் இணைந்திருக்கிறதா என்று மனுப் போடும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.