டீகிரீசர்: மசகு நீக்கியா, பிசுக்கு நீக்கியா?

காரின் பானட்டைத் திறந்து, இன்ஜினைச் சுற்றி அப்பிக் கிடக்கும் கறுப்பை நாமே கழுவிவிடலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது டீகிரீசர். உதிரிபாகக் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எழுதும்போது மட்டும் இதற்குத் தமிழ் தேடுகிறோம். ‘கிரீஸ் நீக்கி’ என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு, ‘மசகு நீக்கி’ என்று முழுதாக மாற்றுகிறவர்களும் உண்டு. இரண்டாவது, கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை அப்படியே நம்பி வேலை செய்தால் வண்டி கெட்டுப்போகும்.

‘டீ’ என்ற முன்னொட்டு நீக்குவதைக் குறிக்கும். கிரீஸ் என்பது பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல். அதற்கும் மூலம், தடித்தது, கொழுத்தது என்று பொருள்படும் ‘கிராசுஸ்’ என்ற லத்தீன் சொல். நயமில்லாத பேச்சை ஆங்கிலத்தில் ‘கிராஸ்’ (crass) என்கிறார்களே, அதுவும் இந்த வேரில் முளைத்ததுதான். (செய்தித்தாள்களில் வரும் கிரீஸ் நாட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) முதலில் உருக்கிய விலங்குக் கொழுப்புக்குத்தான் இந்தப் பெயர். அந்தக் கொழுப்பையே வண்டி அச்சில் தடவினார்கள். பிறகு பெட்ரோலிய எண்ணெயில் செய்த கெட்டிக் குழம்பு அந்த இடத்துக்கு வந்தது, பெயர் மாறவில்லை. அதனால் பேரிங்கில் நாம் வேண்டுமென்றே வைப்பதும் கிரீஸ், அடுப்பங்கரைச் சுவரில் வேண்டாமல் படிவதும் கிரீஸ் என்று ஆங்கிலத்தில் ஆகிவிட்டது.

தமிழில் இவை இரண்டும் வேறு வேறு. மாட்டு வண்டியின் அச்சில் போடுவதற்குக் கரியை எண்ணெயில் குழைத்து வைத்திருப்பார்களே, அந்தக் கறுப்புக் குழம்புதான் மசகு. வண்டி மை என்றும் சொல்வார்கள். சக்கரம் கிறீச்சிடாமல், அச்சு தேயாமல் இருக்க மனிதன் வைத்த பொருள் அது. பாடப்புத்தகங்கள் இதே வேலைக்கு ‘உயவுப் பொருள்’ என்ற சொல்லையும் வைத்திருக்கின்றன. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘மசகு எண்ணெய் விலை உயர்ந்தது’ என்று வந்தால் அங்கே பொருள் வேறு, நாம் கச்சா எண்ணெய் என்பதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் மசகு என்பது வேண்டிய பொருள்.

பிசுக்கு அப்படியில்லை. பிசின், பிசுபிசுப்பு என்ற சொற்களோடு சேர்ந்தது அது. எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டி, சூட்டில் காய்ந்து, தொட்டால் விரலில் அப்பிக்கொள்கிறதே, அதைப் பிசுக்கு என்கிறோம். ‘ஆயில் பிசுக்கு’ என்று மெக்கானிக்கும் சொல்வார், ‘எண்ணெய்ப் பிசுக்கு’ என்று பாத்திரம் தேய்க்கிறவரும் சொல்வார். யாரும் அதை வேண்டி வைப்பதில்லை.

சரி, பெயரில் இவ்வளவு பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்றால், டப்பாவுக்குள் இருக்கும் திரவத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பானட் கீலில் உள்ள மசகையும் அது கரைக்கும், இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரில் படிந்த பிசுக்கையும் கரைக்கும். எதை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டியது கையில் பிரஷ் வைத்திருக்கிறவருக்கு. பானட் பூட்டு, கீல், ஆக்சிலரேட்டர் கேபிள் போன்ற இடங்களில் டீகிரீசர் பட்டால் கழுவிக் காய்ந்த பிறகு புதிதாகக் கொஞ்சம் கிரீஸ் வைத்தாக வேண்டும். பூட்டுக்கும் கீலுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ் பொருந்தும். வைக்காமல் விட்டால் பூட்டு இறுகி, ஒருநாள் பானட் திறக்காமல் மல்லுக்கு நிற்கும். பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட்டிலும் படக்கூடாது, பட்டால் கிறீச்சென்ற சத்தம் வரலாம். பளபளப்புக்காக அடிக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே அந்த பெல்ட்டில் பட்டால் இன்னும் மோசம், வழுக்கும்.

பிசுக்கு அல்லாததையும் இதனால் எடுக்க முடியாது. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடி அமிலத்தால் வந்தது. அதற்கு ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் போதும், அது பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் மட்டும் இறங்கக் கூடாது. துருவுக்கு வேறு மருந்து. வெறும் புழுதி, காய்ந்த இலை, எலி கொண்டுவந்து சேர்த்த குப்பை எல்லாவற்றையும் காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷாலும் காற்றாலும் எடுத்துவிட வேண்டும். புழுதிமேல் திரவத்தை அடித்தால் சேறாகி மூலைகளுக்குள் போய் உட்காரும். நம் ஊர் வண்டிகளில் பாதி அழுக்கு இந்த முதல் வேலையிலேயே போய்விடும். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் இலை சேர்ந்து வடிகால் அடைத்திருந்தால் அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

டீகிரீசர் பிசுக்கை எப்படிக் கழற்றுகிறது? வழிகள் மூன்று. கரைப்பான் வகை, எண்ணெயை எண்ணெயாலேயே கரைக்கும். மண்ணெண்ணெய் அப்படித்தான் வேலை செய்கிறது, ஆரஞ்சுத் தோலில் இருந்து எடுக்கும் லிமொனீனும் அப்படித்தான். கார வகை, கொழுப்பைச் சோப்பு மாதிரி மாற்றிவிடும். மூன்றாவது, ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும் நுரைப்பொருள்கள். கடையில் விற்கும் தண்ணீர் கலக்கும் டீகிரீசர்களில் பெரும்பாலும் பின்னிரண்டும் சேர்ந்திருக்கும். இந்தச் சரக்கு நமக்குப் புதிதும் அல்ல. எண்ணெய்க் குளியலுக்கு அரைத்த சீயக்காயில் இருப்பது நுரைப்பொருள், பாத்திரம் துலக்கிய சாம்பலிலும் துணி வெளுத்த உவர்மண்ணிலும் இருப்பது காரம். பிசுக்கு என்ற சொல்லும் அதை நீக்கும் முறையும் நம் வீட்டில் சேர்ந்தே இருந்திருக்கின்றன. அதனால் ‘பிசுக்கு நீக்கி’ என்பது அகராதிக்காகத் தைத்த சட்டை போலத் தொங்காது.

கார வகையில் ஒரு வில்லங்கம் உண்டு. காஸ்டிக் சோடா போன்ற வலுவான காரம் அலுமினியத்தை அரிக்கும். இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம்தான். எனவே அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று லேபிளில் இருப்பதையே வாங்க வேண்டும். அதிலும் லேபிள் சொல்லும் அளவுக்குத் தண்ணீர் கலக்க வேண்டும். லேசான அழுக்குக்கு 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர், கெட்டிப் பிசுக்குக்கு 1க்கு 4 என்பது பல தயாரிப்புகளில் உள்ள கணக்கு. அடித்ததும் காயவிடாமல் ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைப்பது வீட்டுக்கு ஏற்ற முறை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கரைப்பான் வகையில் நம் ஊர்ப் பழக்கமான ‘டீசல் வாஷ்’ வந்து நிற்கும். லாரிக்கும் பைக்குக்கும் காலங்காலமாகச் செய்கிறோமே என்பார்கள். டீசல் பிசுக்கைக் கரைக்கிறது, உண்மைதான். ஆனால் தன் எண்ணெய்ப் படலத்தை அங்கேயே விட்டுப் போகிறது, அதில் மறுபடி தூசி ஒட்டுகிறது. கூலன்ட் ஓடும் ரப்பர் குழாய்கள் பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி வலுவிழக்கும் வகை. சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீயும் பிடிக்கலாம். பெட்ரோலை நினைக்கவே வேண்டாம், அதன் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும்.

தொழிற்சாலைகளில் உலோகப் பாகங்களைக் கொதிக்கும் கரைப்பானின் ஆவியில் தொங்கவிட்டுச் சுத்தம் செய்யும் முறையும் உண்டு. நெடுங்காலம் அதற்கு ட்ரைகுளோரோஎத்திலீனைப் பயன்படுத்தினார்கள். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் முடிவு செய்தது. அமெரிக்கா அதன் எல்லாப் பயன்பாடுகளையும் படிப்படியாகத் தடை செய்யும் விதியை 2024 டிசம்பரில் வெளியிட்டது. ஸ்ப்ரே டப்பாவின் லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள்.

கழுவும்போது இன்ஜின் கைபொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கலாம், சூடாக இருக்கக் கூடாது. சூட்டில் டீகிரீசர் காய்ந்து கறை பிடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று உள்ளே போகும் வாய், இக்னிஷன் காயில் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தப் பீச்சு இங்கே வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீர் சீல்களையும் கனெக்டர்களையும் தாண்டிப் போகும், ஸ்பார்க் பிளக் குழியில் தேங்கினால் இன்ஜின் தடுமாறும். தண்ணீர் ஊற்றியே தீரவேண்டும் என்றால் பூவாளி போலக் குறைவாக. ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம், அதன் அருகில் திரவமே வேண்டாம். எல்லாம் முடிந்ததும் பைகளை எடுத்து, பானட்டைத் திறந்தே வைத்து நன்றாக உலரவிட வேண்டும். பிறகு ஒயரை மாட்டி, இன்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடலாம்.

கழுவும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பிசுக்கு எங்கே கெட்டியாக இருக்கிறதோ, கசிவு அங்கேயோ அதற்கு மேலேயோ இருக்கும். அதைத் துடைத்துவிட்டால் மெக்கானிக்குக் காட்டச் சான்று இல்லை. சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தால் புதுக் கசிவு சுத்தமான இடத்தில் பளிச்சென்று தெரியும்.

இனி சொல்லுக்கு வருவோம். டீகிரீசர் பிசுக்கு நீக்கி என்றால், அந்தச் செயல் பிசுக்கு நீக்கம், ஆலையில் ஆவியால் செய்வது ஆவிவழிப் பிசுக்கு நீக்கம். அடுப்பங்கரைப் புகைபோக்கிக்கு விற்பதற்கும் இதே பெயர் செல்லும், ‘மசகு நீக்கி’ என்றால் அங்கே பொருந்தவே பொருந்தாது. மசகு என்ற சொல்லைப் பேரிங்குக்கும் கீலுக்கும் விட்டுவைக்கலாம். கடையில் மட்டும் டீகிரீசர் என்றே கேளுங்கள், லேபிளில் இருப்பது அந்தப் பெயர்தான்.